எல்லாமே "மேட்ச்"னு காட்டுன ஒரு எக்செல் ஃபைலும் கம்பெனிக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸும்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். போன வருஷ ஆரம்பத்துல எங்க கம்பெனிக்கு 2022-23 கணக்குக்கு ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் (ரிட்டர்ன்ல வித்தியாசம் இருக்கு, விளக்கம் குடுங்கன்னு ஜிஎஸ்டி டிபார்ட்மெண்ட் அனுப்பறது) வந்துச்சு, அத நான் தனியா உக்காந்து சமாளிச்ச கதையத்தான் எழுதறேன். அப்ப நெட்ல தேடித் தேடிப் பாத்தேன், விலுக்கப் (ஒரு லிஸ்ட்ல இருக்கறத இன்னொரு லிஸ்ட்ல தேடி எடுக்கற எக்செல் ஃபார்முலா) எப்படி போடறதுன்னு ஆயிரம் பேர் சொல்லியிருக்காங்க, ஆனா அந்த விலுக்கப் தப்பான பதில சத்தமே இல்லாம குடுத்தா என்ன ஆகும்னு யாரும் சொல்லல. மாசா மாசம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரயும் டூபியையும் (ஜிஎஸ்டிஆர்-2பி, நமக்கு பில் குடுத்தவங்க ஜிஎஸ்டி சைட்ல ஏத்துன பில்லோட லிஸ்ட்) எக்செல்ல ஒத்துப் பாக்கற எல்லாருக்கும் இது உபயோகப்படும்னு நம்பறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நம்ம வாங்கற சரக்குக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கட்டுன ஜிஎஸ்டிய நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம், அதுதான் ஐடிசி, இன்புட் டேக்ஸ் கிரெடிட். ஆனா 2022 ஜனவரி 1ல இருந்து, பில் குடுத்த பார்ட்டி அவரோட விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல அந்த பில்ல ஏத்தி அது நம்ம ஜிஎஸ்டிஆர்-2பியில வந்திருந்தாத்தான் எடுக்க முடியும். டூபி அடுத்த மாசம் 14ஆம் தேதி ரெடியாகும், த்ரீபி (ஜிஎஸ்டிஆர்-3பி, ஐடிசிய கழிச்சு வரி கட்டற மாசாந்திர ரிட்டர்ன்) 20ஆம் தேதிக்குள்ள போடணும். நடுவுல இருக்கற அந்த கொஞ்ச நாள்ல நம்ம டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல இருக்கற பில் ஒவ்வொண்ணும் டூபியில இருக்குதான்னு பாத்தாகணும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டி, நூல், லாரி வாடகைன்னு மாசத்துக்கு நூத்துக்கணக்குல பில் வரும், கண்ணால பாத்து முடியாது, அதனால எல்லாரும் எக்செல்ல லுக்கப் போட்டுத்தான் பாக்கறோம்.

நோட்டீஸ்ல, நாங்க த்ரீபியில எடுத்த ஐடிசி டூபிய விட 5 லட்சத்து 12 ஆயிரம் அதிகம்னு இருந்துச்சு. பதில் சொல்ல 30 நாள் டைம். அந்த வருஷம் நான் இந்த கம்பெனியிலயே இல்ல, அப்ப பாத்துட்டு இருந்தவர் வேலைய விட்டு வேற ஊருக்கு போயிட்டாரு. அவரு வச்சுட்டு போன ஃபைல்ல பன்னெண்டு மாசத்துக்கும் ஷீட் இருக்கு, ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்துல பச்சை கலர்ல "மேட்ச்"னு இருக்கு. எங்க ஓனர் அத பாத்துட்டு "அதான் எல்லாம் மேட்ச்சுன்னு போட்டிருக்குதே தம்பி, அந்த ஃபைல அப்படியே அனுப்பி விட்டுரு"ன்னாரு. ஆடிட்டர் சார் "வித்தியாசம் எங்க வருதுன்னு பில் வாரியா லிஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்பறம் பேசலாம்"ன்னாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான். அன்னைக்கு ராத்திரி சுத்தமா தூக்கம் வரல, ஏன்னா ஃபைல் சரின்னா டிபார்ட்மெண்ட் எப்படி தப்பாகும், டிபார்ட்மெண்ட் சரின்னா இந்த பச்சை கலர் எல்லாம் என்னன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

அடுத்த நாள் பெரிய தொகையா இருந்த சில பில்ல மட்டும் எடுத்து டூபி ஷீட்ல கண்ட்ரோல் எஃப் போட்டு கையால தேடுனேன். ஒரு டையிங் யூனிட்டோட பில், நம்ம ஃபைல்ல மேட்ச்னு இருக்கு, ஆனா டூபியில அந்த பார்ட்டி பேரே இல்ல. அந்த மாசம் மட்டும் இல்ல, அதுக்கு அடுத்த மாசமும் இல்ல. எனக்கு கை நடுங்கிருச்சு. ஃபார்முலாவ திறந்து பாத்தா விலுக்கப்புக்கு மூணு விஷயம்தான் குடுத்திருக்கு, நாலாவது இடம் காலி. இது தெரியாதவங்க தயவுசெஞ்சு நிதானமா படிங்க. விலுக்கப்புல நாலாவது இடத்துல ஃபால்ஸ் இல்லன்னா 0 போட்டாத்தான் அது அதே நம்பர தேடும். அந்த இடத்த விட்டுட்டா அது ட்ரூன்னு எடுத்துக்கும், அப்ப அது தேடற விதமே வேற. லிஸ்ட் ஏறு வரிசையில அடுக்கி இருக்குதுன்னு நம்பி, அகராதியில நடுப்பக்கத்த திறந்து முன்னாடியா பின்னாடியான்னு பாத்து பாதி பாதியா குறைச்சுட்டு போற மாதிரி போகும், கடைசியில நம்ம தேடறதுக்கு சமமாவோ அதுக்கு கீழயோ எது கெடைக்குதோ அத எடுத்து குடுத்துரும். டூபி அப்படி வரிசையில இருக்காது. அதனால இல்லாத பில்லுக்கும் ஏதோ ஒரு பார்ட்டியோட வரித் தொகை வந்து உக்காந்துரும். பிழைன்னு காட்டியிருந்தா அன்னைக்கே யாராவது பாத்திருப்பாங்க, காட்டாதது தான் பிரச்சினையே.

அது மட்டும்னா பரவால்ல. அந்த விலுக்கப்ப சுத்தி ஒரு இஃப்எரர் போட்டு, தப்பு வந்தா 0ன்னு வச்சிருந்தாரு, அதுக்கு பக்கத்துல பதில் 0 விட பெருசா இருந்தா "மேட்ச்". அதாவது ரெண்டு பக்க வரித் தொகையும் ஒண்ணான்னு எங்கயுமே ஒத்துப் பாக்கல. இஃப்எரர் எல்லா வகை தப்பையும் ஒரே போர்வையில மூடிரும், ஃபார்முலா பேர் தப்பா அடிச்சாலும் சரி, ரெஃபரன்ஸ் உடைஞ்சாலும் சரி, எல்லாம் 0 தான். கெடைக்கலங்கறத மட்டும் பிடிக்கணும்னா இஃப்என்ஏ போடுங்க, அது #என்/ஏவ மட்டும் பிடிக்கும், மத்த தப்பு எல்லாம் கண்ணுக்கு தெரியும். முதல்ல எனக்கு அவர் மேல பயங்கர கோபம். அப்பறம் யோசிச்சா அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க, அவருக்கு முன்னாடி இருந்தவர் வச்ச ஃபைல அவரும் காப்பி பண்ணி மாசத்த மட்டும் மாத்திட்டு வந்திருப்பாரு. திருப்பூர்ல முக்காவாசி ஆபீஸ்ல இப்படித்தான் ஃபைல் கை மாறுது.

சரி, நாலாவது இடத்துல 0 போட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சு எல்லா ஷீட்லயும் மாத்துனேன். இப்ப தலைகீழா பாதிக்கு மேல #என்/ஏ. உண்மையா டூபியில இருக்கற பில்லுக்கும் இல்லன்னு சொல்லுது. இன்னொரு பக்கம் மேட்ச்னு வர்றதுலயும் சிலது தப்பு, ஏன்னா அவரு தேடுனது பில் நம்பர வச்சு மட்டும். 125ன்னு ஒரு பில் நம்பர் நிட்டிங்காரர்கிட்டயும் இருக்கும், அட்டைப்பெட்டிக்காரர்கிட்டயும் இருக்கும், விலுக்கப் மேல இருந்து முதல்ல எது கெடைக்குதோ அதோட நின்னுக்கும். அதனால தேடறதுக்கு ஒரு தனி கீ காலம் (தேடறதுக்கு அடையாளமா ஒரு நெடுவரிசை) ரெண்டு ஷீட்லயும் உண்டாக்குனேன், பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர், நடுவுல ஒரு நேர் கோடு (|), அப்பறம் பில் நம்பர், மூணையும் & போட்டு சேர்த்து. நடுவுல அந்த கோடு எதுக்குன்னா, ரெண்டு ஐட்டத்த அப்படியே ஒட்டுனா 12ம் 3ம் சேர்ந்ததும், 1ம் 23ம் சேர்ந்ததும் ஒரே மாதிரி ஆயிரும். ஜிஎஸ்டி நம்பர் எப்பவும் 15 எழுத்துங்கறதால இங்க அந்த ஆபத்து கம்மி, இருந்தாலும் பழக்கமா போட்டுருங்க.

ஜிஎஸ்டி நம்பரையும் அப்படியே நம்பக்கூடாது. 15 எழுத்துல முதல் ரெண்டு மாநிலம், நம்ம தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த 10 பான் நம்பர், பதினாலாவது எழுத்து இசட், கடைசி ஒண்ணு செக் எழுத்து. லென் ஃபார்முலா போட்டு 15 வருதான்னு பாத்தேன், டேலி மாஸ்டர்ல சில பார்ட்டிக்கு 16 வந்துச்சு, கடைசியில ஒரு ஸ்பேஸ். இன்னொரு பார்ட்டிக்கு பூஜ்ஜியத்துக்கு பதிலா ஓ எழுத்து. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எக்செல்லுக்கு வேற வேற.

பில் நம்பர்லதான் என் முக்கால்வாசி ராத்திரி போச்சு. சட்டப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள்ள இருக்கணும், எழுத்து, எண், அப்பறம் கோடும் (-) சாய்கோடும் (/) மட்டும்தான் வரலாம். பார்ட்டி ஜிஎஸ்டிஆர்-1ல அத முழுசா கோடு சாய்கோடோட போடறாரு, நம்ம ஆள் டேலியில வெறும் 125ன்னு அடிக்கறாரு, இல்லன்னா சாய்கோடுக்கு பதிலா கோடு போடறாரு. நான் பண்ணது, சப்ஸ்டிட்யூட் வச்சு கோடு, சாய்கோடு, ஸ்பேஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு அப்பர் போட்டு எல்லாம் பெரிய எழுத்தாக்குனேன். ட்ரிம் போட்டா ஸ்பேஸ் போயிரும்னு நினைப்போம், வெப்ல இருந்து காப்பி பண்ணி வர்ற ஒரு வகை ஸ்பேஸ் இருக்கு, அதோட கோட் 160, அத ட்ரிம் தொடாது, கேர் ஃபங்ஷன்ல 160 குடுத்து அத சப்ஸ்டிட்யூட் பண்ணாத்தான் போகும். அப்பறம் நம்பரா இருக்கற 125ம் டெக்ஸ்ட்டா இருக்கற 125ம் விலுக்கப்புக்கும் மேட்ச் ஃபங்ஷனுக்கும் வேற வேற ஆள், எத்தனை தடவை வருதுன்னு எண்ணற கவுண்ட்இஃப்புக்கும் தொகைய கூட்டித் தர்ற சம்இஃப்ஸுக்கும் ரெண்டும் ஒரே ஆள். இது தெரியாம ஒரே பில்லுக்கு கவுண்ட்இஃப் 1ன்னு சொல்லுது, விலுக்கப் இல்லன்னு சொல்லுதுன்னு ஒரு நாள் முழுக்க குழம்பி கிடந்தேன். கீ காலத்துல ஜிஎஸ்டி நம்பரோட ஒட்டிட்டா எல்லாமே டெக்ஸ்ட் ஆயிரும், அந்த தொல்லை போயிரும். இன்னொரு நன்மையும் இருக்கு, சில பெரிய கம்பெனி பில் நம்பர் 16 இலக்கமும் வெறும் எண்ணா இருக்கும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல எண்ண ஞாபகம் வச்சுக்காது, டெக்ஸ்ட்டா வச்சிருந்தாலும் கவுண்ட்இஃப் அத எண்ணா மாத்தித்தான் பாக்கும், அதனால கடைசி இலக்கம் மட்டும் வேறயா இருக்கற ரெண்டு பில்ல ஒரே பில்னு சொல்லிரும். முன்னாடி ஜிஎஸ்டி நம்பர் ஒட்டிட்டா அந்த ஆபத்தும் இல்ல.

ஒரு பார்ட்டியோட பில் நம்பர் 4-12ன்னு இருக்கும், டைப் பண்ண உடனே எக்செல் அத டிசம்பர் 4ன்னு தேதியா மாத்தி உள்ள 44899ன்னு வச்சுட்டு இருந்துச்சு. அது எந்த ஜென்மத்துலயும் மேட்ச் ஆகாது. பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அந்த காலத்த டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாத்தணும், பண்ண அப்பறம் மாத்தி பிரயோஜனம் இல்ல. இது நம்ம கதை மட்டும் இல்ல, மனித ஜீன்களுக்கு மார்ச்1, செப்ட்1னு வச்சிருந்த பேர எக்செல் தேதியா மாத்திட்டே இருந்ததால 2020ல அந்த ஜீன் பேரையே மாத்த வேண்டி வந்துச்சு. அத படிச்சப்ப எனக்கு கொஞ்சம் தைரியமே வந்துச்சு, விஞ்ஞானிகளே இதுல மாட்டியிருக்காங்கன்னா நம்ம அக்கவுண்ட்ஸ் செக்ஷன் எம்மாத்திரம்.

இவ்வளவு கழுவி சுத்தம் பண்ணியும் கொஞ்சம் பில் மீதி இருந்துச்சு, பார்ட்டி முழு நம்பரும் நம்ம ஆள் கடைசி மூணு இலக்கமும் போட்டது. அதுக்கு ரெண்டாவது சுத்து, கீய ஜிஎஸ்டி நம்பர் கூட ரவுண்ட் பண்ண வரித் தொகைன்னு மாத்தி தேடுனேன். இதுல வர்றத அப்படியே ஏத்துக்காதீங்க, மாசா மாசம் ஒரே தொகை வர்ற வாடகை பில் மாதிரி இருந்தா வேற மாசத்து பில்ல கொண்டு வந்து காட்டும், அதனால பில் காப்பிய எடுத்து வச்சு கண்ணால பாத்துத்தான் டிக் பண்ணேன். தொகைய ஒத்துப் பாக்கறப்ப ஒரு ரூபா வரைக்கும் வித்தியாசத்த விட்டுருங்க, பைசா ரவுண்டிங்கால ரெண்டு பக்கமும் சரியா வராது.

தொகை எடுக்கறதுக்கு நான் லுக்கப்பயே விட்டுட்டேன். ஒரே பில்ல நம்ம ஆள் 5 சதவீதத்துக்கு ஒரு லைன், 18 சதவீதத்துக்கு ஒரு லைன்னு ரெண்டா போட்டிருப்பாரு, லுக்கப் முதல் லைன மட்டும் பாக்கும். அதே கீ காலத்த வச்சு சம்இஃப்ஸ் போட்டா ரெண்டு பக்கமும் முழு வரித் தொகையும் வந்துரும், கழிச்சா வித்தியாசம். அப்பறம் நம்ம பக்க கீய கவுண்ட்இஃப் போட்டு 1க்கு மேல வர்றத எல்லாம் பாத்தேன், ஒரு லாரி வாடகை பில்ல ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை ஏத்தி ரெண்டு தடவையும் ஐடிசி எடுத்திருக்கு. லுக்கப்புக்கு இது தெரியவே தெரியாது, ரெண்டு லைனும் டூபியில இருக்கற அதே ஒரு லைன போய் தொட்டுட்டு இருக்குன்னு சந்தோஷமா சொல்லிரும்.

இன்னும் சில குழி இருந்துச்சு, வேகமா சொல்லிடறேன். தேடற இடம், அதாவது ரேஞ்ச், 500ஆவது லைன் வரைக்கும்தான் பூட்டியிருந்துச்சு, தீபாவளி சீசன் மாசத்துல பில் அதுக்கு மேல போயிருச்சு, கண்ட்ரோல் டி போட்டு டேபிளா மாத்திட்டா அது தானா நீளும். சில மாசத்துல ரேஞ்ச பூட்டற டாலர் குறி இல்லாம ஃபார்முலாவ இழுத்து விட்டதுல ரேஞ்ச் கீழ கீழ நகர்ந்துட்டே போயிருந்துச்சு. விலுக்கப்புல எத்தனையாவது காலம்னு 9ன்னு எண்ண அடிச்சு வச்சிருந்தாங்க, நடுவுல யாரோ ஒரு காலம் சேர்த்ததுல மத்திய வரிக்கு பதிலா வேற காலம் வந்துட்டு இருந்துச்சு, இண்டெக்ஸும் மேட்ச்சும் சேர்த்துப் போட்டா காலம் எங்க நகர்ந்தாலும் கூடவே நகரும். ஒரு ஃபைல் மேனுவல் கால்குலேஷன்ல இருந்துச்சு, அத முதல்ல திறந்தா அப்பறம் திறக்கற எல்லா ஃபைலும் மேனுவலுக்கு போயிரும், நாம டேட்டாவ மாத்துவோம், பதில் பழசாவே நிக்கும். ஃபார்முலாஸ் டேபுல கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்ல ஆட்டோமேட்டிக் இருக்குதான்னு பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க.

ஆடிட்டர் கேட்டது லிஸ்ட். அதாவது மேட்ச் ஆகாத பில்ல மட்டும் தனியா உருவி எடுக்கணும். வீட்டு லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் 365 எக்செல் இருக்கு, அதுல ஃபில்டர் ஃபங்ஷன் போட்டு, உள்ள இஸ்என்ஏ, அதுக்குள்ள மேட்ச், ஒரே ஃபார்முலாவுல முழு லிஸ்ட்டும் கீழ கொட்டுச்சு, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அடுத்த நாள் ஆபீஸ்ல திறந்து ஒரு செல்ல தொட்டா #நேம்னு, அதாவது இந்த ஃபங்ஷன் பேரே தெரியாதுன்னு, வந்து நிக்குது. ஆபீஸ் சிஸ்டம்ல எக்செல் 2016. ஃபில்டரும் எக்ஸ்லுக்கப்பும் எக்செல் 2021லயும் அதுக்கு அப்பறம் வந்ததுலயும் 365லயும் தான் இருக்கு, 2016, 2019ல கிடையாது. ஆடிட்டர் ஆபீஸ்லயும் பழசுதான். அதனால மறுபடியும் பழைய வழியில பண்ணேன். ஒரு உதவி காலம், அதுல மேட்ச் #என்/ஏ குடுத்தா மேல இருக்கற எண்கள்ல பெருசு எதுவோ அது கூட 1, இல்லன்னா காலி. அப்ப மேட்ச் ஆகாத பில்லுக்கு மட்டும் 1, 2, 3ன்னு வரிசை எண் விழும். தனி ஷீட்ல 1, 2, 3ன்னு கீழ எழுதிட்டு ஒவ்வொரு எண்ணையும் மேட்ச்ல தேடி இண்டெக்ஸ்ல அந்த லைன எடுத்தா லிஸ்ட் வந்துரும். கண்ட்ரோல் ஷிஃப்ட் எண்டர் போடற பெரிய ஃபார்முலாவெல்லாம் வேண்டாம், இது எந்த வெர்ஷன்லயும் ஓடும், அடுத்து வர்றவருக்கும் புரியும். கூகுள் ஷீட்ஸ் இருந்தா ஃபில்டர் இலவசமாவே இருக்கு, ஆனா கம்பெனி டேட்டாவ வெளிய போடலாமான்னு ஓனர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

ஷீட்ட மாசம் மாசமா தனித்தனியா வச்சு தேடுனதும் ஒரு பெரிய ஓட்டை. மார்ச் பில்ல பார்ட்டி மே மாசம் ஏத்தியிருப்பாரு. எல்லா மாச டூபியையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா ஒட்டி, எந்த மாசம்னு ஒரு காலம் வச்சு, முந்தின வருஷ டூபியையும் சேர்த்து அதுல தேடுனேன். அப்பத்தான் உயிர் வந்துச்சு, 2 லட்சத்து 31 ஆயிரத்துக்கான பில் 2021-22 டூபியில இருந்துச்சு, அத நாங்க 2022-23ல எடுத்திருக்கோம், அது நியாயமானது. மீதி 2 லட்சத்து 81 ஆயிரம் எடுத்திருக்கவே கூடாதது. அத டிஆர்சி-03ங்கற, நாமளே முன்வந்து கட்டற ஃபாரம்ல கட்டுனோம், 18 சதவீத வட்டி 1 லட்சத்து 11 ஆயிரம் சொச்சம் தனியா. நோட்டீஸ் நிலையிலயே வட்டியோட கட்டுனதால அபராதம் இல்ல. ஏஎஸ்எம்டி-11ல பில் வாரி லிஸ்ட்டோட பதில் போட்டோம், கொஞ்ச நாள் கழிச்சு ஏஎஸ்எம்டி-12ல ஏத்துக்கிட்டாங்க. ஓனர் எதுவும் பேசல, "வட்டி மட்டும் ஒரு லட்சமா"ன்னு ஒரு தடவை கேட்டாரு, எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

ஆனா எனக்கு இன்னைக்கும் ஆறாதது அந்த வட்டி இல்ல. லிஸ்ட் எல்லாம் முடிச்ச அப்பறம் சும்மா திருப்பிப் போட்டுப் பாப்போமேன்னு டூபியில இருக்கற கீய எடுத்து நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டர்ல தேடுனேன். லுக்கப் ஒரு திசையிலதான் பாக்கும், நம்ம லிஸ்ட்ல இருக்கறது அங்க இருக்குதான்னு மட்டும்தான் கேட்டோம், அங்க இருக்கறது நம்மகிட்ட இருக்குதான்னு யாரும் கேட்கல. 64 ஆயிரம் ரூபா வரிக்கான பில் டூபியில உக்காந்திருக்கு, எங்க புக்ஸ்ல ஏறவே இல்ல, சரக்கு வந்திருக்கு, பணமும் குடுத்திருக்கு, பில் ஸ்டோர்ஸ் ஃபைல்லயே கிடந்திருக்கு. 2022-23 பில்லுக்கு ஐடிசி எடுக்க கடைசி 2023 நவம்பர் 30. போயாச்சு. யாரு கால்ல விழுந்தாலும் வராது. தயவுசெஞ்சு ரெண்டு திசையிலயும் போடுங்க, உங்க ஃபைலயும் வருஷம் முடிஞ்சு வர்ற நவம்பர் 30க்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க.

இப்ப மாசா மாசம் நான் பண்றது இதுதான். ஃபார்முலா போட்ட உடனே, டூபியில கண்டிப்பா இல்லாத ஒரு பொய் பில் நம்பர அடிச்சுப் பாப்பேன், #என்/ஏ வரணும், வரலன்னா ஃபார்முலா தப்பு. அப்பறம் மேட்ச் ஆன லைனோட மொத்தமும் ஆகாத லைனோட மொத்தமும் கூட்டுனா டேலி மொத்தம் வரணும், டூபி பக்கமும் அதே மாதிரி, பைசா வரைக்கும். இது ரெண்டும் சரியா வந்தாத்தான் லிஸ்ட்ட கையில எடுப்பேன். 14ஆம் தேதி சாயங்காலமே இல்லாத பில் லிஸ்ட்ட பார்ட்டி வாரியா பிரிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, அடுத்த நாள் காலையில ஃபோன் போட்டு "அண்ணா, உங்க பில் இந்த மாசம் வரலீங்க, ஆர்1ல போட்டீங்களா"ன்னு கேட்பேன். பெரும்பாலும் "நம்பர் மாத்தி போட்டுட்டோமுங்க, அடுத்த மாசம் திருத்திடறோம்"னு வரும். திருத்தாத பார்ட்டிக்கு வரித் தொகைய மட்டும் நிறுத்தி வச்சு மீதிய குடுக்கறோம், ஓனரே சொன்னது. த்ரீபி போட்ட அன்னைக்கு ஃபார்முலா இருக்கற ஃபைல் ஒண்ணு, எல்லாத்தையும் வேல்யூவா பேஸ்ட் பண்ண காப்பி ஒண்ணு, டவுன்லோட் பண்ண டூபிய கைவைக்காம அப்படியே ஒண்ணு, மூணையும் அந்த மாச ஃபோல்டர்ல போட்டு, எந்த காலம் எதுக்குன்னு முதல் ஷீட்ல தமிழ்லயே எழுதி வச்சுருவேன்.